ஒரு லோடு செம்மண் இறக்கும் முன்: சென்னை வீட்டு மண்ணைச் சோதித்துத் திருத்தும் முறை

சென்னையில் தோட்டம் போட நினைக்கிறவர்கள் முதலில் தேடுவது செம்மண் லாரிக்காரரின் நம்பரைத்தான். லோடு வந்து இறங்கியதும் பழைய மண்ணின் மேல் அரை அடிக்குப் பரப்பிச் செடியை நட்டுவிடுவார்கள். முதல் வருஷம் பச்சென்று இருக்கும். பிறகு செம்மண் இறுகும், இல்லையென்றால் அடியிலிருக்கும் களியின் மேல் மழைநீர் தேங்கி வேர் அழுகும். அடியில் என்ன மண் கிடக்கிறது என்று யாரும் தோண்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அதைத் தோண்டிப் பார்க்க அரை நாளும், ஒரு கண்ணாடி ஜாடியும், கொஞ்சம் வினிகரும் போதும்.

ஒரே ஊரில் பல மண்

திருவான்மியூர், கொட்டிவாக்கம், அடையாறு, சாந்தோம், ஜார்ஜ் டவுன், தண்டையார்பேட்டை எனக் கடலோரமாகப் போனால் மணல். தி. நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர், விருகம்பாக்கம் பக்கம் களிமண். கிண்டி, ஆதம்பாக்கம், வேளச்சேரி, சைதாப்பேட்டையில் ஒரு பகுதி ஆகிய இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். ஆனால் இதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. மேற்கு மாம்பலத்தில் ஏரியே கண்ணில் படாத லேக் வியூ ரோடு இருப்பதற்குக் காரணம் உண்டு: அங்கே நீளமாகக் கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் தி. நகரை அமைத்தார்கள். ஏரியும் தாங்கலும் மனையான இடங்களில் மேலே ஒரு மண், அடியில் வேறொரு மண். போதாததற்கு, மனையை ரோட்டு மட்டத்துக்கு உயர்த்தக் கொட்டிய கட்டட இடிபாடு, அதாவது ரப்பிஷ். அதனால் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில்கூட மண் மாறலாம்.

முதலில் குழி

செடி வைக்கப்போகும் இடத்தில் இரண்டடி ஆழத்துக்கு ஒரு குழி எடுங்கள். மேலிருந்து கீழ்வரை சுவரைப் பாருங்கள். செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி, டைல்ஸ் சில்லு எந்த ஆழம்வரை வருகிறது? நிறம் எங்கே மாறுகிறது? சாம்பல் நீலத்தில் துருப்பிடித்தாற்போலப் பொட்டுகள் இருந்தால், வருஷத்தில் சில மாதமாவது அங்கே தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். அழுகிய முட்டை வாடை அடித்தால் காற்றே போகவில்லை. புல் வேர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் செடியின் வேரும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கும்.

குழியை மூடும் முன் அதிலேயே வடிகால் சோதனையையும் முடித்துவிடலாம். குழியின் அடியில் ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் சின்னக் குழி தோண்டி நிறையத் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் மறுபடி நிரப்பி, ஒரு ஸ்கேலை நட்டு, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 2.5 முதல் 7 செ.மீ. வரை இறங்கினால் நல்லது. 1 செ.மீ.கூட இறங்காவிட்டால் மேட்டுப்பாத்தி தவிர வேறு வழியில்லை. 15 செ.மீ.க்கு மேல் போனால் அது மணல், ஊற்றுகிற உரமெல்லாம் அதோடு போய்விடும். முதல் நாள் ஊறவிடாமல் அளந்தால் காய்ந்த மண் வேகமாகக் குடித்து ஏமாற்றிவிடும்.

கையும் ஜாடியும்

ஒரு பிடி மண்ணை நனைத்துச் சப்பாத்தி மாவுபோலப் பிசைந்து உருட்டுங்கள். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் மணல். உருண்டை பிடித்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தி ரிப்பன்போல வெளியே தள்ளுங்கள். 2.5 செ.மீ.க்குள் உடைந்தால் இலகுவான மண். 5 செ.மீ.க்கு மேலும் உடையாமல் நீண்டால் கெட்டிக் களி.

இன்னும் துல்லியமாகத் தெரிய ஜாடிச் சோதனை. நேர்ப்பக்கம் உள்ள ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில், கல்லும் வேரும் நீக்கிச் சலித்த மண்ணை மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். முக்கால் பங்குவரை தண்ணீர், ஒரு டீஸ்பூன் பாத்திரம் துலக்கும் லிக்விட். ஐந்து நிமிஷம் விடாமல் குலுக்கி மேஜைமேல் வைத்துவிடுங்கள். ஒரு நிமிஷத்தில் அடியில் படிந்தது மணல். ஜாடியில் பேனாவால் கோடு போடுங்கள். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிந்தது வண்டல். ஒன்று, இரண்டு நாளில் மேலே படிவது களி. மொத்தம் 10 செ.மீ. படிந்து, அதில் மணல் 6.5, வண்டல் 2, களி 1.5 என்று வந்தால் காய்கறிக்கு அதைவிடச் சுகமான மண் வேண்டாம். களி 4 செ.மீ.யைத் தொட்டால் களிமண்ணாகவே நடத்த வேண்டும். மணல் 8.5க்கு மேல் என்றால் முழு மணல்.

இதில் ஒரு பொறி உண்டு. உப்பு ஏறிய மண்ணில் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சீக்கிரமே படிந்துவிடும். களியே இல்லாததுபோலத் தெரியும். இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்தால் சந்தோஷப்படாமல் உப்பைச் சோதியுங்கள். மாறாக, மூன்று நாளாகியும் பால்போலவே கலங்கி நின்றால் சோடியம் மிகுந்த களர் மண்ணாக இருக்கலாம். அதை உறுதிசெய்ய, பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டியை பேட்டரி வாட்டரில் (காய்ச்சி வடித்த நீர், ஆசிட் அல்ல) மெதுவாகப் போட்டு அசைக்காமல் வையுங்கள். சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் மேகம்போலப் பரவினால் களர். கட்டி உதிர்ந்தும் தண்ணீர் தெளிவாகவே இருந்தால் மட்கு குறைவு, அவ்வளவுதான்.

சுண்ணாம்பு, காரம், உப்பு

காய்ந்த மண்ணின்மேல் வினிகர் சில சொட்டு விடுங்கள். சுறுசுறுவென்று நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. கடலோரத்தில் அது கிளிஞ்சல் தூள். உள்பக்கத்தில் பெரும்பாலும் பழைய சாந்தும் சிமென்ட்டும்.

பி.எச். பார்க்க 20 கிராம் மண்ணை 50 மி.லி. பேட்டரி வாட்டரில் கலக்கி, அரை மணி நேரம் அவ்வப்போது கிளறி, தெளிந்த நீரில் பி.எச். பேப்பரை நனையுங்கள். போர் தண்ணீரில் கலக்கினால் மண்ணின் காரத்தோடு தண்ணீரின் காரமும் சேர்ந்து வரும். பேப்பர் கிடைக்காவிட்டால் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்த நீல நீரைச் சில சொட்டு விடலாம்: ஊதாவாகவோ சிவப்பாகவோ மாறினால் அமிலம், நீலமாகவே நின்றால் நடுநிலை, பச்சைக்குப் போனால் காரம். இது திசை காட்டும், எண் சொல்லாது. 6.5 முதல் 7.5 வரை நல்லது. 8க்கு மேல் போனால் இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் செடிக்குக் கிடைக்காது.

உப்புக்கு, குடிநீர் சோதிக்கும் டி.டி.எஸ். பேனாவையே அதே தெளிந்த நீரில் வைக்கலாம். மலிவான பேனாக்களில் பெரும்பாலும் 500 என்று காட்டினால், உப்பின் அளவைச் சொல்லும் மின்கடத்துத்திறன் 1 (டெசிசீமன்ஸ்/மீட்டர்) என்று கொள்ளலாம். 1க்குள் இருந்தால் பயமில்லை. அதற்கு மேல் விதை முளைப்பு தடுமாறும். பீன்ஸ் போன்ற தாங்காத பயிர்கள் முதலில் விழும்.

இலைகளில் அடிக்கடி குறை காட்டினாலோ, மனை பெரிதாக இருந்தாலோ மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுப்பதே நல்லது. திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் வேளாண்மைத் துறையின் நிலையங்கள் உள்ளன. காட்டுப்பாக்கம், திரூர் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் விசாரிக்கலாம். மாதிரி எடுப்பதில்தான் பாதி தப்பு நடக்கிறது. எருக்குவியல் ஓரம், மரத்தடி, வரப்பு, புதிதாக உரம் போட்ட இடம் ஆகியவற்றைத் தவிர்த்து 10, 15 இடங்களில் 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, வெட்டிய பக்கத்திலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்துக்குச் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளில் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளுங்கள். மீதியை மறுபடி அப்படியே பிரித்து, அரைக் கிலோ மிஞ்சும்வரை செய்து நிழலில் உலர்த்துங்கள். தகரப் பக்கெட்டில் எடுத்தால் அதன் துத்தநாகப் பூச்சு மாதிரியோடு சேர்ந்துவிடும். 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 அளவுகள் வரும். அதில் முதலில் பார்க்க வேண்டியது கரிமக் கார்பன்: 0.5 சதவீதத்துக்குக் கீழே குறைவு, 0.75க்கு மேல் நல்லது. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மணலுக்கு

மணலின் குறை இரண்டு: தண்ணீரைப் பிடிக்காது, சத்தையும் பிடிக்காது. இரண்டுக்கும் ஒரே மருந்து மட்கு. 5 செ.மீ. கனத்துக்கு, அதாவது சதுர மீட்டருக்கு 50 லிட்டர், மட்கிய தொழு உரத்தைப் பரப்பி 20 செ.மீ. ஆழம்வரை கொத்திக் கலக்குங்கள். ஏரி வண்டல் கிடைத்தால் சதுர மீட்டருக்கு 30 லிட்டர் சேருங்கள். மட்கு கரைந்துபோகும், வண்டலில் உள்ள களி அங்கேயே நிற்கும். செம்மண் லோடுக்கு உண்மையில் வேலை இருக்கிற இடம் இந்த மணல்தான், அதுவும் மேலே பரப்பாமல் கலந்தால். ரசாயன உரம் போடுவதாக இருந்தால் ஒரு தடவைக்குரியதை நான்காகப் பிரித்துப் போடுங்கள். கடற்கரை மணலை மட்டும் அள்ளிவராதீர்கள். உப்பும் கிளிஞ்சலும் சேர்ந்து வரும், சட்டமும் அனுமதிப்பதில்லை. அடம்பும் இராவணன் மீசையும் வேரால் பிடித்து வைத்திருக்கிற மேடு அது.

களிமண்ணுக்கு

களிமண்ணில் சத்துக்குப் பஞ்சமில்லை, காற்றுக்குத்தான் பஞ்சம். ஈரத்தில் மிதித்தாலும் கொத்தினாலும் துளைகள் அடைபட்டு, காய்ந்ததும் செங்கல்லாகிவிடும். ஒரு பிடியை உருட்டி விரலால் தட்டுங்கள்: உதிர்ந்தால் கொத்தலாம், வழவழவென்று பளபளத்தால் மண்வெட்டியை எடுக்காதீர்கள்.

பலரும் சொல்லும் யோசனை, "களிக்கு மணல் போடு" என்பது. கொஞ்சம் மணல் போட்டால் மணல் பருக்கைகளின் நடுவே களி சாந்துபோல நிரம்பி முன்பைவிடக் கெட்டியாகும். பலன் தெரிய மண்ணில் பாதிக்கு மேல் மணலாக இருக்க வேண்டும். அவ்வளவு எம்-சாண்ட் வாங்குகிற காசுக்கு மூன்று வருஷத்து எரு வாங்கிவிடலாம்.

செய்ய வேண்டியது இது. நான்கடி அகலம், ஓரடி உயரத்தில் மேட்டுப்பாத்தி. நடுவே ஒன்றரை அடி நடைபாதை. பாத்திமேல் ஒருபோதும் கால் வைக்கக் கூடாது. ஆடியில் பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டை சதுர மீட்டருக்கு 5 கிராம் விதைத்து, பூவெடுக்கும் 40, 45ஆம் நாளில் மடக்கி மண்ணோடு சேருங்கள். இரண்டு வாரம் மட்கவிட்டால் புரட்டாசியில் நடவுக்குத் தயார். அதன் வேர், மண்வெட்டி எட்டாத ஆழத்தில் துளை போட்டுவிட்டுப் போகும். தண்டு முற்றிய பிறகு மடக்கினால் மட்க நாளாகும். அந்த நேரத்தில் நட்ட செடி வெளுத்துப்போகும், ஏனென்றால் நுண்ணுயிர்கள் மட்கவைக்கத் தேவையான நைட்ரஜனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

மரக்கன்றுக்கு மூன்றடிக் குழி எடுத்து முழுக்கச் செம்மண்ணும் எருவும் நிரப்புவது களிநிலத்தில் ஆபத்து. சுற்றிலும் களி, நடுவே பொலபொல மண் என்றால் அது தொட்டிதான். ஐப்பசி மழையில் சுற்றுவட்டத் தண்ணீரெல்லாம் அந்தக் குழிக்குள் வடிந்து நிற்கும். குழிச் சுவரைக் கடப்பாரையால் கீறிச் சொரசொரப்பாக்கி, எடுத்த மண்ணையே மூன்றில் ஒரு பங்கு எருவோடு கலந்து போட்டு, கன்றைத் தரைமட்டத்தைவிட அரை அடி உயர மேட்டில் நடுங்கள்.

உப்புக்கும் களருக்கும்

இரண்டும் ஒன்றல்ல. உப்பு மண்ணைத் தண்ணீரால் கழுவலாம். சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் சுமார் 1,400 மி.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. பாத்தியைச் சுற்றி வரப்புக் கட்டி அந்த மழையை அங்கேயே இறங்கவிட்டால் காசில்லாமல் உப்பு கீழே போகும். 2003 முதல் கட்டாயமான மழைநீர்க் குழிகளுக்கு மொட்டைமாடித் தண்ணீர் முழுவதையும் அனுப்பும்போது, ஒரு குழாயைத் தோட்டத்துப் பக்கமும் திருப்பலாம். ஆனால் வடிகால் இல்லாத களியில் இது பலிக்காது.

களர் மண்ணை வெறும் தண்ணீரால் கழுவினால் இன்னும் இறுகும். அங்கே ஜிப்சம் வேண்டும். களித்துகளில் ஒட்டிய சோடியத்தை ஜிப்சத்தின் கால்சியம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். தள்ளப்பட்ட சோடியத்தை மழை கழுவிக்கொண்டு போகும். புரட்டாசியில் சதுர மீட்டருக்கு அரைக் கிலோ தூவி மேல்மண்ணில் கலக்குங்கள். சோதனையில் பால் மேகம் பரவாத மண்ணுக்கு ஜிப்சம் போடுவது வீண். ஃபால்ஸ் சீலிங் பலகையை உடைத்துப் போடும் குறுக்குவழியும் வேண்டாம்.

உப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை எடுத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்தது தெரிந்த கதை. போர் தண்ணீரின் டி.டி.எஸ். 500க்குள் என்றால் கவலையில்லை. 1,500ஐத் தாண்டினால் தொட்டிச் செடிக்கு ஊற்றாதீர்கள். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரைச் சிக்கனமென்று செடிக்கு விடுவதும் அதே தப்பு. உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கிறது. தரை துடைக்க அது போதும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை, அதைத் தொட்டிக்கு விடலாம்.

ரப்பிஷ் மேட்டுக்கு

பாத்திக்கு ஒன்றரை அடி, மரத்துக்கு மூன்றடி ஆழம்வரை கல்லையும் சாந்தையும் பொறுக்கி எடுப்பதைத் தவிர வேறு மந்திரம் இல்லை. பி.எச்.-ஐக் குறைக்கக் கந்தகம் போடச் சொல்வார்கள். வினிகரில் நுரைக்கிற மண்ணில் அந்தச் சுண்ணாம்பு தீரும்வரை கந்தகம் தோற்றுக்கொண்டேதான் இருக்கும். இட்லிப்பூ, செம்பருத்தி, கொய்யாவில் இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) ஒரு கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து மாலையில் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. அன்னபேதியை இந்த மண்ணில் கொட்டினால் சில நாளிலேயே துருவாகி உறைந்துவிடும். கடைக்காரர் இ.டி.டி.ஏ. (EDTA) இரும்பைக் கொடுத்தாலும் மண்ணுக்கு அது உதவாது. காரமண்ணில் நிலைப்பது இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) இரும்பு, விலை அதிகம். முதிர்ந்த இலை முழுதாக மஞ்சளானால் அது நைட்ரஜன் குறை. இரும்பு தெளித்துப் பயனில்லை.

மட்கும் மூடாக்கும்

சென்னை வெயிலில் மட்கு நிலைக்காது. நுண்ணுயிர்கள் ஆண்டு முழுக்க ஓய்வில்லாமல் தின்கின்றன. அதனால் ஒரே தடவையில் பெரிய அளவாகப் போடாமல், ஆடியில் ஒரு முறை, தையில் ஒரு முறை என மண்ணின் மேல் இரண்டு செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். அதன்மேல் காய்ந்த இலை மூடாக்கு மூன்று, நான்கு அங்குலம். தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி. கிண்டிக் காட்டில் யாரும் உரம் போடுவதில்லை. விழுந்த இலையைக் கறையானும் பூஞ்சையும் புழுவும் பிரித்து மண்ணுக்குத் திருப்புகின்றன. தெருவோரம் குப்பையோடு எரிகிற வேப்பிலையும் பூவரச இலையும் அதே சரக்குதான்.

வீட்டில் மட்கு தயாரிக்க, காய்கறிக் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த இலை இரண்டு பங்கு. பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் ஈரம். வாரம் ஒருமுறை புரட்டினால் இரண்டு, மூன்று மாதத்தில் மண்வாசனை வரும். நாறினால் ஈரமும் பச்சைக் கழிவும் அதிகம். காய்ந்த இலையைச் சேருங்கள். மட்காமல் அப்படியே கிடந்தால் காய்ந்துவிட்டது.

மண்புழு உரத் தொட்டியில் வளர்க்கும் ஆப்பிரிக்கப் புழுவைப் பாத்தியில் கொட்டிப் பலனில்லை; அது குப்பைமேல் வாழ்கிற ஜாதி. மண்ணைத் துளைப்பவை உள்ளூர்ப் புழுக்கள். சென்னை நியூ கல்லூரியில் பணியாற்றிய மண் உயிரியலாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் அவற்றைத்தான் முன்னிறுத்தினார். மூடாக்கும் ஈரமும் இருந்தால் அவை தானாக வரும். ஒரு அடி சதுரம், அரை அடி ஆழத்து மண்ணை மழைக்காலத்தில் தோண்டி எண்ணிப் பாருங்கள்; வருஷாவருஷம் எண்ணிக்கை கூடினால் போகிற வழி சரி.

மொட்டைமாடிக்கு

40 லிட்டர் பையில் வெறும் செம்மண் நிரப்பினால் நனைந்த எடை 60 கிலோவைத் தாண்டும். செம்மண் 12, ஊறிய தென்னை நார்க்கழிவு 14, மட்கிய உரம் 12 லிட்டர், வேப்பம் புண்ணாக்கு 100 கிராம் என்று கலந்தால் எடையும் குறையும், காற்றும் போகும். தண்ணீர் ஊற்ற மேலே இரண்டு அங்குலம் விடுங்கள். 5 கிலோ நார்க்கழிவுக் கட்டி ஊறினால் 70 லிட்டர் அளவுக்கு ஊதிப் பெருகும். அதில் உப்பு இருக்கும். இரண்டு, மூன்று முறை அலசி, வடிகிற நீரின் டி.டி.எஸ். ஊற்றிய நீரைவிட 300க்கு மேல் கூடாத நிலை வரும்வரை கழுவுங்கள். இந்த ஒரு வேலையைத் தவிர்த்துவிட்டுத்தான் பலர் விதையைக் குறை சொல்கிறார்கள். பையின் ஓரத்தில் வெள்ளைப் பூச்சு தெரிந்தால், பையின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வடியவிடுங்கள்.

பழைய மண்ணைத் தூக்கிப் போட வேண்டாம். தக்காளி, கத்தரி, வெண்டை வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்த மண்ணை வேரை நீக்கி, ஈரமாக்கி, அரை அடி கனத்துக்குப் பரப்பி, ஒளி புகும் பாலிதீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி, ஓரங்களில் செங்கல் வையுங்கள். சித்திரை நடுவில் தொடங்கி அக்னி நட்சத்திரம் முழுக்க, நான்கிலிருந்து ஆறு வாரம். கறுப்புத் தாளைவிட ஒளி புகும் தாள்தான் மண்ணை அதிகம் சூடேற்றும். அந்தச் சூட்டில் நல்ல நுண்ணுயிர்களும் குறைந்துவிடும் என்பதால், திறந்த பிறகு கால் பங்கு புது மட்கு கலந்து, முதல் போகமாகக் கீரை விதையுங்கள்.